ஜாக்கி ஏறியது... காடி ஏறவில்லை!

போன தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, செகிஞ்சானைத் தாண்டிச் சுங்கை பெசாருக்குப் போகும் வழியில் எங்கள் காடியின் இடப்பக்கப் பின் டயர் பஞ்சரானது. அப்பா விட்டுப்போன 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் அது. உள்ளே அம்மா, மனைவி, எட்டு வயது மகள். சபாக்கில் இருக்கும் அத்தை வீட்டுக்கு முறுக்கு டின்னோடு போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் வயல், லேசான தூறல்.

மோரிஸுக்கு டயர் மாற்றுவது எனக்குப் புதிதல்ல. அதன் ஜாக்கி இப்போதைய ஜாக்கி மாதிரி இருக்காது. கதவுக்குக் கீழே, காடியின் பக்கவாட்டில் ஒரு குழல் இருக்கும். அதில் ஜாக்கியின் கையைச் செருகிச் சுற்றினால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களும் சேர்ந்து மேலே எழும். எல்லாரையும் இறக்கி ஓரமாக நிற்க வைத்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தேன்.

ஜாக்கி ஏறியது. காடி ஏறவில்லை.

முறுக்கைக் கடிப்பது போல் ‘கரக் கரக்’ என்று சத்தம். குனிந்து பார்த்தேன். ஜாக்கி காடியைத் தூக்கவில்லை. அடித்தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. தார் சாலையில் ஒரு கைப்பிடி பழுப்பு நிறச் செதில்கள் கொட்டிக் கிடந்தன. இரண்டு வருடத்துக்கு முன்புதான் ஏழாயிரம் வெள்ளி செலவழித்துச் சாயம் அடித்த காடி! மேலே முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு.

நெல் ஏற்றிப்போன ஒரு லாரிக்காரர் நிறுத்தி இறங்கினார். தன் ஜாக்கியைப் பின் அச்சுக்கு அடியில் வைத்துத் தூக்கி, பத்து நிமிடத்தில் டயரை மாற்றிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அம்மா மட்டும் காடியில் ஏறும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

“உங்கப்பா இருந்தவரைக்கும் இப்படி ஒரு நாளும் ஆனதில்லையே, ஐயா.”

மேலே கல்யாணம், கீழே கருமாதி

மறுநாள் காலையில் சபாக்கில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு பழைய பட்டறைக்குப் போனேன். சீனப் பெரியவர், தோட்டத்துத் தமிழ் சரளமாகப் பேசுவார். எல்லாரும் அவரை ‘அப்பேக்’ என்றுதான் கூப்பிடுவோம். காடியைத் தூக்கி வைத்து, டார்ச் லைட்டை அடித்து, திருப்புளியின் பிடியால் அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘டங்’ என்றது. கெட்ட இடத்தில் ‘தொப்’ என்றது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்த்தார். சில இடங்களில் ஒட்டவே இல்லை. சாயத்துக்கு அடியில் இரும்பு இல்லை, வெறும் புட்டிதான்.

“தம்பி, மேலே கல்யாணம், கீழே கருமாதி” என்றார்.

சாயம் அடித்த பட்டறை, அடிப்பாகம் முழுவதும் கறுப்பாகத் தார் மாதிரி ஒன்றைத் தடவிக் கொடுத்திருந்தது. ‘அண்டர்கோட் இலவசம்’ என்றதும் நானும் சந்தோஷப்பட்டேன். அப்பேக் அந்தத் தாரைச் சுரண்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய இருந்த துவாரங்கள் எல்லாவற்றையும் தார் அடைத்துவிட்டது. ஒரு துவாரத்தைக் குத்தித் திறந்தார். கறுப்புத் தண்ணீர் கொட்டியது. அந்த வாரம் அவ்வளவு மழைகூடப் பெய்திருக்கவில்லை!

குற்றத்தை அந்தப் பட்டறை மேல் மட்டும் போட முடியாது. வாங்கி வரும்போது நான் பார்த்தது பளபளப்பை மட்டும்தான். அதன்பிறகு வாராவாரம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவியதும் நான்தான். போகும் தண்ணீருக்கு வழியில்லாத பெட்டிக்குள் தண்ணீரை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

மோரிஸ் மைனர் 1948இல் வந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார். இதற்கு லாரி மாதிரி அடியில் தனிச் சட்டம் கிடையாது. மெல்லிய தகடுகளை மடக்கி, புள்ளி வெல்டிங் செய்து, உள்ளே வெற்றிடமாக இருக்கும் பெட்டிகளாக்கி, அவற்றைச் சேர்த்ததுதான் அதன் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியைப் பட்டறைக்காரர்கள் ‘சில்’ என்பார்கள். முன் இருக்கைகளுக்கு அடியில் குறுக்கே போகும் பெட்டி ‘கிராஸ்மெம்பர்’. முன் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின் முனைகள் இந்தக் குறுக்குப் பெட்டியில்தான் பிடித்திருக்கின்றன. ஜாக்கி செருகும் குழலும் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. என் ஜாக்கி கிழித்தது அந்த இடத்தை.

“ரோட்டில் போகும்போது கம்பி விட்டிருந்தால்?” என்று கேட்டேன். அப்பேக் பதில் சொல்லவில்லை. பின் இருக்கையில் கிடந்த என் மகளின் பொம்மையைப் பார்த்தார். அது போதும்.

வெளித்தகட்டுக்குச் சாயம் இருக்கிறது, மெழுகுப் பூச்சு இருக்கிறது. பெட்டியின் உள்பக்கத்துக்கு அந்தக் காலத்தில் ஒரு மெல்லிய பிரைமர் கிடைத்தாலே பெரிது. வெல்டிங் சூட்டில் அதுவும் கருகிப்போயிருக்கும். இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. தண்ணீர் என்றால் மழைதான் என்று நினைக்க வேண்டாம். காற்றில் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே துரு வேகம் பிடிக்கும். நம் ஊரில் இரவில் அது 90ஐத் தாண்டும். பகலில் பெட்டிக்குள் போன வெக்கைக் காற்று, இரவில் தகடு குளிரும்போது உள்சுவரில் வியர்த்து நிற்கும்.

இரண்டு தகடுகள் சேரும் விளிம்புதான் இன்னும் மோசம். காகிதம் நுழையாத அந்த இடுக்கு, திரி எண்ணெயை உறிஞ்சுவது போலத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அங்கே துரு பிடித்தால் அது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை எடுக்கும். தகடுகளை நெம்பிப் பிரிக்கும். பிரிந்த இடத்தில் இன்னும் தண்ணீர் போகும். வெளியே சாயத்தில் ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது, உள்ளே வேலை முடிந்திருக்கும்.

தனிச் சட்டம் இருக்கும் வண்டிகளும் தப்பவில்லை. தோட்டத்தில் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவரை நினைத்துப் பாருங்கள். உடம்பு அலுமினியம், செந்துரு பிடிக்காது. ஆனால் அடியில் இருக்கும் சட்டம் இரும்புப் பெட்டி. அது உள்ளிருந்தே அரித்துக்கொண்டு போகும். பிரிட்டனில் வருடாந்திர எம்ஓடி சோதனை இருக்கிறது. ஸ்பிரிங், ஸ்டீயரிங், சீட் பெல்ட் போன்றவை மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் சட்டம் பலவீனமாகும் அளவுக்குத் துரு இருந்தால் காடி தேறாது. அங்கே பழைய கார்களைத் தின்றது குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு.

சபாக்கில் உப்பு எங்கிருந்து வந்தது?

சபாக், பாகான் நகோடா ஓமார், சுங்கை ஆயர் தாவார் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கடற்காற்றிலேயே உப்பு இருக்கும். பெரிய அலைக் காலத்தில் பண்டைத் தாண்டிக் கடல்நீர் பாதைக்கே வந்துவிடும். அந்தத் தண்ணீரில் ஒரு முறை ஓட்டினால் போதும், பெட்டிக்குள் உப்பு குடியேறிவிடும்.

இன்னொரு உப்பை அப்பேக் ஞாபகப்படுத்தினார். “உங்கப்பா கிராணி. இந்தக் காடியில் உரம் ஏற்றினாரா இல்லையா?” ஏற்றினார்தான். 1972இல் ஊருக்குத் திரும்பிய ஒரு சின்னத் துரையிடம் வாங்கிய காடி அது. அதன் பின்பெட்டியில் எத்தனையோ முறை உர மூட்டை போனதுண்டு. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பில் இருக்கும் அதே குளோரைடுதான் அதிலும். சிந்திய உரம் மூலைகளில் இறங்கி, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அதன் பெயர் தென்னமரம். தென்னை போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில், காடிகளுக்கும் கடல் உப்போடு உர உப்பும் சேர்ந்துகொண்டது.

அப்படியானால் அப்பாவின் கையில் இருந்தபோது இந்தக் காடி இத்தனை வருடம் எப்படித் தாங்கியது?

பதில் டாஷ்போர்டு பெட்டியில் இருந்தது. ஒரு முனையில் துணி சுற்றிய, வளைந்த சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்று. குப்பை என்று பலமுறை தூக்கி எறியப் பார்த்திருக்கிறேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய சாக்கை விரித்துக் காடிக்கு அடியில் படுப்பார். அந்தக் கம்பியால் ஒவ்வொரு துவாரமாகக் குத்துவார். மண்ணும் தண்ணீரும் கொட்டும். பிறகு நான்கு கதவுகளையும் திறந்து வைத்து வெயிலில் காய விடுவார். “ஏன்பா, மேலே துடைக்காம கீழயே கிடக்கிறீங்க?” என்று நான் சிரித்ததுண்டு. அப்பேக் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுதான் தம்பி உங்கப்பா கொடுத்த மருந்து” என்றார்.

அப்பா காலமாகி ஐந்து வருடம் ஆகிறது. காடி ஷா ஆலமுக்கு வந்தது. சாயம் கிடைத்தது, மெருகு கிடைத்தது. அந்தக் குத்து மட்டும் கிடைக்கவில்லை.

வைத்தியத்தின் வரிசை

இதைப் படிக்கும் உங்களில் பலர் பழைய காடி வைத்திருக்கலாம். வாங்கும் யோசனையில் இருக்கலாம். அப்பேக் பட்டறையில் நான்கு மாதம் போய் வந்து கற்றதைச் சொல்கிறேன். வரிசை மாறினால் காசும் போகும், சில நேரம் உயிரும் போகும்.

முதலில் வெல்டிங். கெட்ட தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். மோரிஸுக்கு உதிரிப் பாகம் இன்றும் கிடைக்கிறது. இலங்கையில்கூட இதற்கான தகடுகள் செய்து பிரிட்டனுக்கு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். மெழுகு அடித்த பிறகு வெல்டிங் செய்யவே கூடாது. பெட்டிக்குள் இருக்கும் மெழுகு தீப்பிடிக்கும். வெளியே தெரியாமல் உள்ளே எரியும். காடியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனால், ‘உள்ளே மெழுகு இருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, துவாரங்களைத் திறப்பது. சில், கதவின் கீழ் விளிம்பு, பின்பெட்டியின் மூலை எல்லாவற்றிலும் வடிகால் இருக்கும். கம்பியால் குத்துங்கள். குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு, வெளியே தெளிவாக வரும்வரை மண்ணையும் உப்பையும் அலசுங்கள்.

மூன்றாவது, காய வைப்பது. இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறோம். ஈரத்தின் மேல் மெழுகு அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும். கதவுகளைத் திறந்து வைத்து மூன்று, நான்கு நாள் நல்ல வெயிலில் நிறுத்துங்கள். துவாரத்தில் ஊதுகுழாயை வைத்துக் காற்றடித்தால் இன்னும் நல்லது. நம் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாத மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். நான் பிப்ரவரிவரை காத்திருந்தேன். ஜூன், ஜூலையும் ஏற்ற காலம்.

நான்காவதுதான் மெழுகு. உட்கூடுகளுக்கென்றே விற்கும் ‘கேவிட்டி வேக்ஸ்’. பிரிட்டனின் வேக்ஸாயில், ஸ்வீடனில் பிறந்த டினிட்ரோல் போன்றவை பெயர் பெற்றவை. அடிக்கும்போது இது தண்ணீர் மாதிரி இளகி, அந்தக் காகிதம் நுழையாத இடுக்குக்குள்ளும் ஊர்ந்து போகும். கரைப்பான் ஆவியானதும், தோலைப் போல மிருதுவான ஒரு படலம் நிற்கும். காய்ந்து வெடிக்காது, காடி குலுங்கும்போது அதுவும் வளைந்து கொடுக்கும். தாரில் இல்லாத குணம் இது.

நீளமான நைலான் குழாயின் முனையில், சுற்றிலும் பீய்ச்சும் மூக்கு இருக்கும். குழாயைப் பெட்டியின் கடைசிவரை விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ரப்பர் மூடிகளையும் வடிகால் துவாரங்களையும் பயன்படுத்துங்கள். பலம் தாங்கும் பெட்டியில் நீங்களாகப் புதிதாகத் துளை போட வேண்டாம். அடித்து முடித்ததும் வடிகால்களை மறுபடியும் கம்பியால் குத்திவிடுங்கள். இல்லாவிட்டால் மெழுகே தாரின் வேலையைச் செய்துவிடும். பிரேக், புகைக்குழாய், ரப்பர் பாகங்கள் மேல் படாமல் மூடி வையுங்கள். காற்றோட்டமான இடம், முகமூடி, பேட்டரி கழற்றி வைப்பது, பக்கத்தில் சிகரெட் கூடாது. அந்த ஆவி பெட்ரோல் ஆவி மாதிரி பற்றிக்கொள்ளும்.

என் மோரிஸுக்கு மூன்று லிட்டர் போனது. ஒரு வாரம் அடியில் சொட்டிக்கொண்டிருந்தது; அட்டையை விரித்து வைத்தேன். நம் வெயிலில் சில மெழுகு வகைகள் இளகி வடிந்துவிடும். வெப்பம் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். வெல்டிங்குக்கும் தகட்டுக்கும் ஆன செலவு, சாயச் செலவையும் தாண்டிவிட்டது. மெழுகுக்கு முந்நூறு வெள்ளிகூட ஆகவில்லை. இந்த முந்நூறை முதலிலேயே செலவழித்து, துவாரங்களையும் திறந்து வைத்திருந்தால் அந்த ஆயிரங்களில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

மாமாவின் தேங்காய் எண்ணெய்

வேலை நடக்கும்போது ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். “கறுப்பு எண்ணெயை அடித்து விடு, தோட்டத்தில் அப்படித்தானே செய்வோம்” என்றார் ஒருவர். இன்ஜினிலிருந்து இறக்கிய எண்ணெயில் எரிந்த அமிலமும் அழுக்கும் இருக்கும், ரப்பரைக் கெடுக்கும், சொட்டுவதெல்லாம் கடைசியில் நம் கால்வாய்க்குத்தான் போகும். மனைவியின் மாமா இன்னும் ஒரு படி மேலே போய், “சபாக்கில் இல்லாத தேங்காயா? தேங்காய் எண்ணெய் அடித்தால் என்ன?” என்றார். அடிக்கலாம். கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும், எறும்பு வரும், எலி வரும். கெட்டுப்போன எண்ணெயின் அமிலம் இரும்பைத்தான் கடிக்கும்.

மெழுகும் மந்திரம் இல்லை. துருவை அது இரும்பாக மாற்றாது. ஓட்டை விழுந்த தகட்டுக்குப் பலம் கொடுக்காது. பிடித்த துரு பரவும் வேகத்தைக் குறைக்கும். பிடிக்காத இடத்தைக் காக்கும். அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு முறை உள்ளே பார்த்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மேல்பூச்சு கொடுக்க வேண்டும். கைப்பேசியில் மாட்டும் சின்னக் குழாய்க் கேமராவை நான் அறுபது வெள்ளிக்கு வாங்கினேன். இப்போது என் மகள்தான் அந்தக் கேமராவை இயக்குபவள்.

‘எங்களிடம் மோரிஸ் இல்லையே’ என்கிறீர்களா? புரோட்டோன் சாகா வந்தது 1985 ஜூலையில். காஞ்சில் வந்தது 1994இல். முதல் சம்பளத்தில் அப்பா வாங்கிய காடி, அக்காவைக் காலேஜுக்குக் கொண்டுபோய் விட்ட காடி என்று அவற்றையெல்லாம் இப்போது இளைஞர்கள் தேடி வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். நல்ல விஷயம். வாங்கப் போகும்போது ஒரு காந்தத்தையும் டார்ச் லைட்டையும் கொண்டு போங்கள். சாயத்தைக் கடைசியாகப் பாருங்கள். கம்பளத்தைத் தூக்கி, ஜாக்கி வைக்கும் இடத்தைத் தட்டி, கதவின் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ‘அண்டர்கோட் அடித்தாயிற்று’ என்று சொன்னால், ‘துவாரங்கள் திறந்திருக்கின்றனவா?’ என்று கேளுங்கள். புதுக் காடி வைத்திருப்பவர்களும் வடிகாலில் அடைத்த மண்ணை எடுத்துவிட்டால், அந்தக் காடிக்குச் சில வருடங்கள் கூடும்.

போன மாதம் மறுபடியும் சபாக் போனோம். செகிஞ்சான் வயல்களைத் தாண்டும்போது அம்மா தூங்கிவிட்டார். அத்தை வீட்டு முற்றத்தில் காடியை நிறுத்திக் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு, பழைய சாக்கு ஒன்று கேட்டு வாங்கி விரித்துப் படுத்தேன். “அப்பா, மேலே தூசி இருக்கே, கீழே என்ன பண்றீங்க?” என்றாள் மகள்.

கம்பியை அவள் கையில் கொடுத்து, முதல் துவாரம் எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.